பிரெஞ்சு வரலாறு: கோட்பாடும் காப்பகக் கட்டும்
வாசகர் கேள்வி – பதில்

பிரெஞ்சு வரலாற்றில் ஆய்வேடு எழுதுபவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: 1789 புரட்சி பற்றிய ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் முழுக்கக் கோட்பாடு, அடுத்த மூன்று அத்தியாயங்கள் தகவல் என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒட்டவே இல்லை என்கிறார் நெறியாளர். எப்படி ஒட்ட வைப்பது?
(முதுகலை மாணவி, மதுரை)

ப: தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு ஒட்டப் பார்த்தால் ஒட்டாது. ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே கோட்பாடு ஒரு கேள்வியாக மாறியிருக்க வேண்டும். "இல்லை" என்றும் பதில் வரக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும்.

"பூர்ஷ்வா வர்க்கம் நிலப்பிரபுத்துவத்தைக் கவிழ்த்தது" என்ற கூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ழோர்ழ் லெஃபெவ்ர், அல்பெர் சொபூல் போன்ற வரலாற்றாசிரியர்களின் உழைப்பால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கிட்டத்தட்டப் பாடநூல் உண்மையாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குள் போனால் கைக்கு வரும் காகிதமெல்லாம் அதற்கே சாட்சி சொல்லும். ஆல்ஃபிரட் கோபன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1950களில் வேறொன்று செய்தார். கவிழ்த்தது பூர்ஷ்வா என்றால் மூன்றாம் எஸ்டேட்டின் (குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின்) பிரதிநிதிகளில் வணிகரும் ஆலை முதலாளிகளும் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டு, ஆள் ஆளாக எண்ணினார். வணிகம், தொழில், நிதி மூன்றையும் சேர்த்தாலும் சுமார் 13 சதவீதம்தான் வந்தது. அரசு, நீதிமன்றப் பதவிகளில் இருந்தவர்கள் சுமார் 43 சதவீதம். அந்தப் பதவிகளில் பல விலைக்கு வாங்கப்பட்டவை. சொல்லப்போனால் பழைய ஆட்சிமுறையில் முதலீடு செய்திருந்தவர்களே அதைக் கலைக்க வந்திருந்தார்கள்.

இந்த எண்ணிக்கையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பிரதிநிதிகள் பல கட்டத் தேர்தலில் வந்தவர்கள். எழுதப் பேசத் தெரிந்த வக்கீலுக்கு அதில் சாதகம் அதிகம். ஆகவே தொழில்வாரிப் பட்டியல், புரட்சியை யார் நடத்தினார்கள் என்பதற்குப் பாதி பதில்தான் தரும். 1990களில் திமோதி டாக்கெட் அதே பிரதிநிதிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்தார். 1789 மே மாதம் வெர்சாய் வந்து சேர்ந்தபோது பெரும்பாலோர் புரட்சிக்காரர்களாக இல்லை, அங்கே நடந்த மோதல்கள் அவர்களை அப்படி ஆக்கின என்ற முடிவுக்கு வந்தார். கேள்வி மாறியது, அதோடு ஆவண வகையும் மாறியது. கோட்பாடும் காப்பக வேலையும் சேர்ந்து நகர்வது இப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். கோட்பாடு சொல்வது என்ன. அது உண்மையானால் எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரிடம் எது தென்பட வேண்டும். அது எந்த ஆவண வகையில் பதிவாகும். எதைக் கண்டால் கோட்பாட்டைக் கைவிடுவீர்கள். நான்காவது வரி எழுத வரவில்லை என்றால் கையில் இருப்பது கோட்பாடு இல்லை, நம்பிக்கை. கோட்பாட்டு அத்தியாயத்தை ஐந்தாறு பக்க முன்னுரையாகச் சுருக்குங்கள். மீதியை, ஆவணம் அதோடு முரண்படும் இடங்களில் பிரித்து வையுங்கள்.

கே: 1789-இன் குறைமனு ஏடுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. கிராம மக்களின் மனநிலையை அறிய அவற்றை நம்பலாமா?
(ஆய்வு மாணவர், திருச்சி)

ப: நம்பலாம். ஆனால் அந்த ஏடு எப்படி உருவானது என்று தெரிந்துகொண்ட பிறகு.

எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் சபை கூடுவதற்கு முன், 1789 ஜனவரி 24 அன்று அரசு ஒரு விதிமுறை வெளியிட்டது. 25 வயது நிரம்பி, அந்த ஊரில் குடியிருந்து, வரிப்பட்டியலில் பெயர் உள்ளவர்கள் பங்குக் கோயிலிலோ வேறு பொது இடத்திலோ கூடித் தங்கள் குறைகளை எழுத வேண்டும். 200 வீடுகள் வரை உள்ள ஊர் இரண்டு பேரை மாவட்ட நீதிமன்ற ஊருக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிராம ஏடுகளைச் சேர்த்து ஒரே ஏடாகச் சுருக்குவார்கள். கிராமத்து ஏடும் மாவட்ட ஏடும் முற்றிலும் வேறு வேறு சரக்கு. அச்சில் எளிதாகக் கிடைக்கும் மாவட்ட ஏட்டைப் படித்துவிட்டு "விவசாயிகள் கேட்டார்கள்" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. உப்பு வரி பற்றிய புலம்பலும் பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் பற்றிய கோபமும் மேலே போகப் போகத் தேய்ந்துவிடும். அரசியல் சட்டம், பத்திரிகைச் சுதந்திரம் போன்றவை மேலே வரும். நகரத்து வக்கீல்கள் எழுதிய சுருக்கம் அது.

கிராம ஏட்டிலும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் யார்? அவர் அந்த ஊர்ப் பிரபுவின் நீதிபதி என்றால், பிரபுவைப் பற்றி ஏடு மௌனமாக இருப்பதற்கு மனநிறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. அடுத்து, கையெழுத்துகள். ஏட்டின் கடைசியில் "கையெழுத்திடத் தெரிந்தவர்கள் இட்டார்கள்" என்று ஒரு வாசகம் வரும். ஊரில் எத்தனை வீடு, கையெழுத்து எத்தனை என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1786–90 திருமணப் பதிவேடுகளின்படி நாடு முழுவதும் சராசரியாக ஆண்களில் 47 சதவீதமும் பெண்களில் 27 சதவீதமும்தான் கையெழுத்திட்டார்கள். வடகிழக்கில் இது அதிகம், மேற்கிலும் தெற்கிலும் குறைவு. எனவே மேற்கே பிரெத்தாஞ் (Brittany) பகுதியில் ஐந்து கையெழுத்து இருப்பதும் வடகிழக்கே லொரேனில் ஐந்து இருப்பதும் ஒரே பொருள் தராது.

மூன்றாவது சிக்கல் மாதிரி மனுக்கள். அச்சிட்ட மாதிரிகள் ஊர் ஊராகச் சுற்றின. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் ஏடுகளை அருகருகே வைத்து, கோரிக்கைகள் வரும் வரிசையைப் பாருங்கள். சொற்கள் மாறியிருந்தாலும் வரிசை அப்படியே இருந்தால் மூலம் ஒன்று. அதற்காக அந்த ஏட்டைத் தூக்கி எறிய வேண்டாம். மாதிரியில் இல்லாமல் அந்த ஊர் தானாகச் சேர்த்த வரியும், மாதிரியில் இருந்தும் அந்த ஊர் விட்டுவிட்ட வரியும்தான் தங்கம். "எங்கள் காட்டில் விறகு பொறுக்க விடுவதில்லை" என்பது போன்ற ஒரு வரி கடைசியில் வேறு மையில் சேர்க்கப்பட்டிருந்தால், மூலத்தின் படத்தை அவசியம் பாருங்கள். அச்சுப் பதிப்பு இதைக் காட்டாது.

அளவு: ஒரே மாவட்டத்தில் முப்பது முதல் ஐம்பது ஏடுகள் போதும். ஒவ்வொரு கோரிக்கையும் அட்டவணையில் ஒரு வரி. "எதைப் பற்றி" என்பது ஒரு பத்தி, "என்ன செய்யச் சொல்கிறது" என்பது இன்னொரு பத்தி: ஒழி, திருத்து, அப்படியே வை. இந்த இரண்டாவது பத்தியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஜான் மார்க்கோஃபும் கில்பர்ட் ஷபிரோவும் பெரிய அளவில் இப்படிக் குறியிட்டபோது கிடைத்த முடிவு இந்தப் பத்தியில்தான் இருந்தது. விவசாயிகள் அதிகமாகப் பேசியது அரசு வரிகளைப் பற்றி. ஆனால் வரிகளைப் பெரும்பாலும் திருத்தச் சொன்னார்கள், பிரபுவின் உரிமைகளை ஒழிக்கச் சொன்னார்கள். எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் பிரபுக்கள் மீது கோபமே குறைவு என்று முடிவு கட்டியிருப்போம். முதல் பத்து ஏடுகளை இரண்டு வாரம் கழித்துப் பழைய குறியீட்டைப் பார்க்காமல் மறுபடி குறியிடுங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் மாறினால் உங்கள் வகைப்பாடு தெளிவாக இல்லை. அதைத் திருத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கே: தத்துவவாதி ஃபூக்கோவின் அதிகாரக் கோட்பாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸுக்குப் பயன்படுத்துகிறேன். "ஃபூக்கோ வரலாற்றாசிரியர் அல்ல" என்று மறுக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
(உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

ப: பதிலை அவரே தந்திருக்கிறார். 1982-இல் வரலாற்றாசிரியர் அர்லெத் ஃபார்ழோடு சேர்ந்து, பாஸ்திய் சிறைச்சாலையின் ஆவணங்களிலிருந்து குடும்ப மனுக்களைத் தொகுத்து வெளியிட்டார். அவை இன்று பாரிஸின் ஆர்சனல் நூலகத்தில் உள்ளன. தேர்ந்தெடுத்த ஆண்டுகள் 1728, 1758.

அரச முத்திரைக் கடிதம் (லெத்ர் தெ காஷே) என்றால் மன்னர் தன் விருப்பப்படி ஆளைச் சிறையில் தள்ளும் ஆணை என்று படித்திருப்போம். இந்தக் கட்டுகளைத் திறந்தால் வேறு காட்சி. குடிகாரக் கணவனை அடைத்துவையுங்கள் என்று மனைவி கேட்கிறாள். ஊதாரி மகனைப் பற்றித் தையற்காரர் ஒருவர் மனுப் போடுகிறார். மனு காவல்துறைத் தலைவருக்குப் போகும். அந்தப் பதவி 1667-இல் உருவானது. அவர் வட்டாரக் கமிஷனரையோ இன்ஸ்பெக்டரையோ விசாரிக்கச் சொல்வார். அண்டை வீட்டார், வீட்டுக்காரர், பங்குத்தந்தை ஆகியோரின் கையெழுத்து மனுவின் அடியில் இருக்கும். அறிக்கை சாதகமாக இருந்தால் ஆணை வரும். அதிகாரம் மேலிருந்து இறங்குவதாக மட்டும் நினைத்திருந்தவர்களுக்கு, அதைக் கீழேயிருந்து கைநீட்டி வாங்கிப் பயன்படுத்திய ஏழைக் குடும்பங்களை இந்தக் காகிதங்கள் காட்டின. கோட்பாட்டைச் செழுமையாக்கியது ஆவணம்தான்.

இந்த மனுக்களை வாசிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிறைய மனுக்களைத் தெருவில் உட்கார்ந்து கூலிக்கு எழுதிக் கொடுப்பவர்கள் எழுதினார்கள். "மன்னரின் கருணையை இறைஞ்சும் ஏழை" என்ற அடுக்குகள் அவர்கள் கைச்சரக்கு. அதை மனைவியின் குரலாக மேற்கோள் காட்டக்கூடாது. தெருப்பெயர், கடனாக வாங்கிய தொகை, அடகு வைத்த பாத்திரம், அடி விழுந்த நாள் இவையெல்லாம் எழுத்தர் கற்பனையில் வருவது அரிது. அங்கேதான் வாழ்க்கை இருக்கிறது. கமிஷனரின் அறிக்கை கிடைத்தால் மனுவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் உண்டு. 1656-இல் பாரிஸில் பொது விடுதி நிறுவும் ஆணை வந்தது. அதை வைத்து, ஏழைகளையும் பித்துற்றோரையும் கூட்டமாக அடைத்துவைத்த "பெரும் அடைப்பு" என்று ஃபூக்கோ எழுதினார். உள்ளே இருந்தவர்களைப் பதிவேடுகளில் பார்த்தால் முதியோர், குழந்தைகள், ஆதரவற்ற பெண்கள் என்று போகிறது. சிறைபற்றி மிஷேல் பெரோ உள்ளிட்டவர்கள் அவரோடு நடத்திய விவாதமும் இதே புள்ளியில்தான் சுற்றியது: திட்டம் வேறு, நடைமுறை வேறு. ஆகவே உங்கள் ஆவணங்களை நான்காகப் பிரியுங்கள்: ஆணை, சேர்க்கைப் பதிவேடு, செலவுக் கணக்கு, புகார். முதல் வகை மட்டும் இருந்தால் நீங்கள் எழுதுவது ஆட்சியாளரின் ஆசையின் வரலாறு. அப்படி எழுதுவதில் தவறில்லை, தலைப்பில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நூல் இழுக்கலாம். 1790 மார்ச்சில் முத்திரைக் கடிதங்கள் ஒழிக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் குடும்பத் தீர்ப்பாயங்கள் வந்தன, கட்டுக்கடங்காத பிள்ளையை அடைத்துவைக்கத் தந்தை அங்கே கேட்கலாம். அதிகபட்சம் ஓராண்டு. அரசு மாறியும் அந்தத் தேவை மாறவில்லை. மாவட்டக் காப்பகங்களில் இதைப் பின்தொடரலாம்.

கே: ரொட்டி விலை ஏறியதால் புரட்சி வந்தது என்பதை எப்படிக் கணக்கிட்டு நிறுவுவது?
(பொருளியல் ஆசிரியர், ஈரோடு)

ப: பொருளாதார வரலாற்றாசிரியர் எர்னெஸ்ட் லப்ரூஸ் 1933-இல் போட்ட பாதை இது. 1726–41 சராசரியை 1785–89 சராசரியோடு ஒப்பிட்டு, தானிய விலை சுமார் 65 சதவீதம், கூலி சுமார் 22 சதவீதம் ஏறியதாகக் காட்டினார். 1726-இல் தொடங்குவதற்குக் காரணம், அந்த ஆண்டில்தான் லீவ்ர் நாணயத்தின் வெள்ளி மதிப்பு நிலைப்பட்டது. அதற்கு முந்தைய விலைகளை நேரே ஒப்பிட்டால் நாணய மாற்றத்தை விலையேற்றமாக எண்ணிவிடுவீர்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 லீவ்ர் 20 சூ. பாரிஸ் கூலியாளுக்கு நாளுக்கு 20 முதல் 30 சூ. 25 என்று வைப்போம். ஞாயிறும் திருநாட்களும் போக வேலை நாள் சுமார் 250. ஆண்டு வருமானத்தை 365 நாளுக்குப் பரப்பினால் நாளுக்கு 17 சூதான். குடும்பத்துக்கு நாளொன்றுக்கு நான்கு பவுண்டு ரொட்டி ஒன்று. பாரிஸ் பவுண்டு 489 கிராம், ஆக ஏறத்தாழ 2 கிலோ. 1788 ஆகஸ்டில் அது 9 சூ விற்றபோது வருமானத்தில் 53 சதவீதம் போனது. 1789 பிப்ரவரியில் 14½ சூ ஆனபோது 85 சதவீதம். வேலை நாளைக் கணக்கில் எடுக்காமல் 25 சூவை அப்படியே வைத்தால் 58 சதவீதம்தான் வரும். நெருக்கடி பாதி மறைந்துவிடும். மனைவி, பிள்ளைகள் சம்பாதித்ததை இதில் சேர்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுங்கள்.

பிழை நுழையும் வாசல்கள் இரண்டு. சந்தை விலையை ஜனவரி–டிசம்பர் என்று சராசரி எடுத்தால் இரண்டு அறுவடைகள் கலந்துவிடும். ஆகஸ்டிலிருந்து ஜூலை வரை எடுங்கள். உச்ச விலை புது அறுவடைக்குச் சற்று முன்னால்தான் வரும், 1789 ஜூலையும் அப்படியே. அடுத்து, அளவைகள். தானியம் அளக்கும் செத்தியே பாரிஸில் சுமார் 156 லிட்டர். வேறு ஊர்ச் செத்தியே வேறு அளவு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று சேர்த்துவிட்டால் வரைபடமே பொய்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் "அதனால் புரட்சி வந்தது" என்பது நிறுவப்படாது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் தானிய விலையால் பாரிஸைச் சுற்றிப் பெருங்கலகம் வந்தது; ஆட்சி கவிழவில்லை. 1775-இல் இல்லாமல் 1789-இல் இருந்தவை அரசின் கடன் முறிவும் கூடியிருந்த பிரதிநிதிகள் சபையும். விலை வரைபடத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டின் தேதிகளையும் வைத்து எழுதுங்கள்.

கே: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை பிரெஞ்சு வரலாற்றுக்கு மூலமாகக் கொள்ளலாமா?
(வாசகர், புதுச்சேரி)

ப: தாராளமாக. 1736 முதல் 1761 வரை பிரெஞ்சுக் கம்பெனியின் ஆட்சியை உள்ளிருந்து பார்த்த துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் இடையாளும்) எழுதியது. பாரிஸுக்குப் போன அலுவல் கடிதங்களில் இல்லாத பேரம், பரிசு, வதந்தி எல்லாம் இதில் உண்டு. இடையாட்கள் பற்றிய கோட்பாடுகளைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் குறைவு.

ஆனால் பிள்ளை ஒரு தரப்பு. 1746-இல், அதுவரை துபாஷியாக இருந்த கனகராய முதலி இறந்தபின் அந்தப் பதவிக்குப் போட்டி நடந்தது. ஆளுநர் தூப்ளேக்சின் மனைவியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். அவர் அந்த அம்மையார் மீதும் சேசு சபைக் குருக்கள் மீதும் சாட்டும் குற்றத்தைக் கம்பெனியின் உயர் ஆலோசனைச் சபைக் கடிதங்களோடு ஒப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது. குடியேற்ற ஆவணங்கள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தில் உள்ளன. 1904–1928-இல் வந்த பன்னிரண்டு தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு மூலம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் பலருக்கு வாய்க்காத வசதி இது.

கே: பிரான்சுக்குப் போக வசதியில்லை. இங்கிருந்தே என்ன செய்ய முடியும்?
(ஆய்வு மாணவி, சேலம்)

ப: நிறைய. தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் அச்சு நூல்கள், துண்டுப் பிரசுரங்கள், செய்தித்தாள்கள் இலவசம். மாவட்டக் காப்பகங்கள் பலவும் பங்குப் பதிவேடுகளைப் படமெடுத்து ஏற்றியிருக்கின்றன. அந்தக் காப்பகங்களில் 1790–1800 காகிதங்களுக்கு எல் (L) என்ற ஆவண வரிசை, பறிமுதல் செய்து விற்ற திருச்சபை நிலங்களுக்குக் க்யூ (Q) வரிசை. பாரிஸ் நகரத்துப் பிறப்பு–இறப்புப் பதிவேடுகளைத் தேடி மாதக்கணக்கில் அலையாதீர்கள். 1860-க்கு முந்தையவை 1871-இல் தீயில் எரிந்துபோயின, ஒரு பகுதி மட்டுமே மீட்டெழுதப்பட்டது. அதற்குப் பதில் நோட்டரி ஆவணங்களில் திருமண ஒப்பந்தங்களைப் பாருங்கள்.

புரட்சிக்காலத் தாளில் தேதிதான் எல்லோரையும் கவிழ்க்கும். குடியரசு நாட்காட்டியின் முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22-இல் தொடங்குகிறது. மாதத்துக்கு 30 நாள், கடைசியில் 5 அல்லது 6 நாள். 3, 7, 11 ஆகிய ஆண்டுகளுக்கு 6 நாள். அதனால் நான்காம் ஆண்டும் எட்டாம் ஆண்டும் செப்டம்பர் 23-இல் தொடங்கும். எட்டாம் ஆண்டு ப்ரூமேர் (இரண்டாம் மாதம்) 18 என்பது 1799 நவம்பர் 9. செப்டம்பர் 22-இலிருந்து எண்ணினால் 8 என்று தவறாக வரும். குறிப்பு எடுக்கும்போதே கட்டு எண், தாள் எண், குடியரசுத் தேதி, நம் தேதி நான்கையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.